டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

முன்னுரை

உலகிற்குப் பெரும்பயன் விளைத்தவர் எல்லாரும் பெரும்புகழ் எய்தினாரல்லர். கிணறு தோண்டினவர் பெயரை நீர் மொள்ளுவோர் அறியாதிருத்தல் உலகியற்கை. ஆயினும் நீரின் இனிமையை உணர்ந்தோர், தோண்டினவர் யாவர், எத்துணை ஆழம் தோண்டினார், எத்துணைப் பாறைகளை உடைத்தார் என்று ஒருகால் உசாவுதல் நன்றியுடைமையின்பாற் படும். அத்தகைய நன்றியுணர்ச்சி தூண்டவே நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இக்காலத்தில் விஞ்ஞானம் பயிலும் நம் நண்பர்கள், உயிரணுவானது உணவிலிருந்து ஆற்றலைப் பெறும் முறையைக் கரும்பலகையில் மட்டுமன்றிக் கணிப்பொறித் திரையிலும் காண்கின்றனர். இணையத்தின் வழியே வரும் அப்பாடங்களில் மாணவனே சர்க்கரை மூலக்கூற்றை விரலால் நகர்த்தி உயிரணுவினுட் புகுத்துகின்றான். அது பிளவுபடுதலைக் காண்கின்றான். மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உலைக்களத்தில் ஒரு சிறு சக்கரம் சுழலுதலைக் காண்கின்றான். வினாவிற்குப் பிழைபட விடை இறுப்பின், பாடமே அவனை நிறுத்தி மீண்டும் முயலுமாறு பணிக்கின்றது. தமிழ் பயிலும் நாமும் அப்பாடங்களை அருகிருந்து கண்டு வியந்ததுண்டு. அவை யாவும் இறுதியில் வந்து சேரும் இடம் ஏ.டி.பி. என்னும் மூன்றெழுத்து. அடினோசின் டிரைபாஸ்பேட் என்பது அதன் விரிந்த பெயர். அதனைத் தசையினின்று பிரித்தெடுத்து உலகிற்குக் காட்டியவருள் ஒருவர், சென்னையிலே கல்வி பயின்ற ஓர் ஏழை இளைஞர் என்னுஞ் செய்தியைப் பாடங்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. அவரே டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரம் என்னும் ஊரிற் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த்துறையில் அலுவல் பார்த்தவர். உடல்நலங் குன்றியமையால் உரிய காலத்திற்கு முன்னரே அலுவலினின்றும் விலகினார். குடும்பம் பெரிது, பொருளோ சிறிது. தாயார் வெங்கம்மா உறுதி வாய்ந்த அம்மையார்.

பதின்மூன்று வயதளவில் சுப்பாராவ் செய்த செயல் ஒன்று அவர் இயல்பை நன்கு விளக்குகின்றது. காசிக்குச் செல்லும் யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றால் பெருஞ்செல்வம் ஈட்டலாம் என்று எண்ணி, அவர் ஒருவருக்கும் உரையாமல் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். நெடுந்தொலைவு செல்லுமுன் கண்டுபிடிக்கப்பட்டு மீண்டும் வீட்டிற்குக் கொண்டுவரப்பட்டார். அன்னையார் அவரைப் பள்ளிக்கே செலுத்தினார். பையனோ மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒரு முறையன்று, இரு முறை தவறினார். மகனைப் படிப்பித்தே தீர்வதெனத் துணிந்த அன்னையார், தம் அணிகலன்களை விற்றும் செலவிற்குப் பொருள் தேடினார். சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள இந்து உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்து, மூன்றாம் முயற்சியில் அவர் தேறினார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பிற் பயின்றார். கணக்கில் அவர்க்கு ஈடுபாடு மிகுதி.

இளமையில் அவர் உள்ளம் துறவை நாடிற்று. இராமகிருஷ்ண மடத்திற் சேர விழைந்தார். தாயார் இசையவில்லை. மருத்துவங் கற்று மக்கட்குத் தொண்டு செய்தலும் துறவிற்கு ஒப்பானதே என்னும் எண்ணம் அவர்க்கு உண்டாக, அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்தார். 1919ஆம் ஆண்டில் அவர்க்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகள் மிக இளையவர். மாமனார் அவர் கல்விக்குப் பெரிதும் துணை நின்றார்.

கதராடையும் தேர்வும்

சுப்பாராவ் மருத்துவம் பயின்ற காலம் காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் முழங்கிய காலம். அந்நியத் துணியை விலக்குக என்னும் அவ்வழைப்பை ஏற்று, அவர் அறுவை மருத்துவக் கூடத்திலும் கதரால் ஆகிய மேலங்கியை அணிந்து நின்றார். அறுவை மருத்துவப் பேராசிரியராகிய ஆங்கிலேயர்க்கு இஃது உவப்பாயில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியிருந்தும், முடிவில் அவர்க்குக் கிடைத்தது முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டமன்று, அதனினுந் தாழ்ந்த எல்.எம்.எஸ். என்னும் பட்டமே. அப்பட்டத்தைக்கொண்டு அரசாங்க மருத்துவத் துறையில் இடம் பெறுதல் இயலாதாயிற்று. ஒரு துண்டுத் துணியின் பொருட்டு ஒருவர் வாழ்க்கையின் வாயில் அடைபட்டதென்னலாம். ஆயினும் அவ்வாயில் அடைபட்டமையாலேயே அவர் பிறிதொரு வாயிலைத் தேட நேர்ந்தது என்பதும் உண்மை.

இக்காலத்தையொட்டி அவர் குடும்பத்தைப் பெருந்துயர் சூழ்ந்தது. உண்ட உணவு உடலிற் சேராமல், குருதி குன்றி மனிதனை மெலிவித்துக் கொல்லும் ஸ்புரூ என்னும் நோய், அவர் உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடையிலேயே கவர்ந்தது. அந்நோய் பின்னர் அவரையும் பற்றிற்று. மருத்துவர் ஆசந்த லட்சுமிபதியின் ஆயுர்வேதச் சிகிச்சையால் அவர் பிழைத்தெழுந்தார். தாம் கற்ற மேனாட்டு மருத்துவம் கைவிட்ட இடத்தில் நாட்டு மருத்துவம் துணை செய்தமை அவர் சிந்தையைக் கிளறிற்று. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கும் ஆசிரியராக அவர் அமர்ந்தார். ஆயினும், மருந்து ஏன் நோயைத் தீர்க்கின்றது என்னும் வினாவிற்கு விடை காணும் வேட்கை அவரை அங்கும் அமைதியாய் இருக்கவிடவில்லை. ஆராய்ச்சிக்கு ஏற்ற இடம் கடல் கடந்த நாடே என்று துணிந்தார்.

காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையமும் மாமனாரும் பொருளுதவ, 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். மூன்றாண்டிற் திரும்புவதாக மனைவிக்கு உறுதி கூறிச் சென்றார். அவர் திரும்பவேயில்லை. அவ்வம்மையார் அவரை மீண்டும் கண்டதேயில்லை. அறிஞர் வரலாறு எழுதுவோர் இத்தகைய செய்திகளை ஓரிரு சொற்களில் மறைத்துச் செல்வது வழக்கம். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. உலகம் பெற்ற மருந்துகளின் விலையில் ஒரு பங்கைக் கொடுத்தவர், ஆந்திர நாட்டில் ஒரு வீட்டில் வழிமேல் விழிவைத்திருந்த அம்மையாரே என்பதை மறவாதிருத்தல் நம் கடன்.

நீலநிறமும் அதன் தாமதமும்

ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் அவர் சேர்ந்தார். கைப்பொருள் போதாமையால், இரவில் மருத்துவமனையொன்றில் நோயாளிகளின் கழிகலங்களைத் துப்புரவு செய்யும் கடைநிலைப் பணியையும் மேற்கொண்டார். பட்டயம் பெற்ற பின் அவர் உயிர்வேதியியல் துறையிற் புகுந்தார். அங்கே சைரஸ் பிஸ்கே என்னும் ஆசிரியரோடு இணைந்து செய்த ஆராய்ச்சியே அவர் பெயரை நிலைநிறுத்தியது.

முதலில் அவ்விருவரும் செய்தது ஓர் அளவுகோல் சமைத்தலே. குருதியிலும் சிறுநீரிலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரஸ் எவ்வளவு என்று துல்லியமாக அளக்க அந்நாளில் எளிய வழியில்லை. அவர்கள் வகுத்த முறையில், பாஸ்பேட் உள்ள நீரோடு மாலிப்டேட் என்னும் உப்பும் அமிலமும் சேர்க்கப்படும். பின்னர் வேறொரு பொருளைச் சிறிது கலந்தால் நீலநிறம் தோன்றும். நிறம் எத்துணை ஆழமோ அத்துணைப் பாஸ்பரஸ் உண்டென அறியலாம். 1925ஆம் ஆண்டில் வெளியான இம்முறை பிஸ்கே–சுப்பாராவ் முறை என்று பெயர் பெற்றுப் பல்லாண்டுகள் உலகெங்கணும் ஆய்வுக்கூடங்களிற் கையாளப்பட்டது.

இனி நிகழ்ந்ததே வியப்பு. தசையினின்று வடித்த நீரை இம்முறையால் அளந்தபோது, நீலநிறம் உடனே முழுமையாகத் தோன்றவில்லை. மெல்ல மெல்லவே ஏறிற்று. பிறராயின், மருந்து பழுது என்றோ கைப்பிழை என்றோ விடுத்திருப்பர். இவர்களோ அத்தாமதத்தையே வினாவாக்கினர். தசையிலுள்ள பாஸ்பேட்டில் ஒரு பகுதி தனித்து நில்லாமல், வேறொரு பொருளோடு நொய்ய பிணைப்பாற் கட்டுண்டு கிடக்கின்றது; அமிலத்திற் பட்டதும் அக்கட்டு சிறிது சிறிதாக அவிழ்கின்றது; அதனாலேயே நிறம் தாமதிக்கின்றது என்று அவர்கள் கண்டனர். அப்பொருள் கிரியேட்டின் என்பதோடு பாஸ்பேட் சேர்ந்த பாஸ்போகிரியேட்டின். தசை உழைக்குங்கால் அது குறைகின்றது. ஓய்ந்திருக்குங்கால் மீண்டும் நிறைகின்றது. 1927ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று. இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் அதே ஆண்டில் இப்பொருளைத் தனியே கண்டிருந்தனர்.

இக்கண்டுபிடிப்பின் அருமையை உணர வேண்டின் அந்நாளைய கொள்கையை அறிதல் வேண்டும். தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலமே அதனைச் சுருங்கச் செய்கின்றது என்பது அறிஞர் பலரின் துணிபு. தசையின் வெப்பத்தையும் லாக்டிக் அமிலத்தையும் பற்றிய ஆராய்ச்சிகட்காக ஹில், மையர்ஹோப் என்னும் இருவர் 1922ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசைப் பெற்றிருந்தனர். பாஸ்போகிரியேட்டின் தோன்றியதும் அக்கொள்கை ஆட்டங்கண்டது. 1930இல் டென்மார்க்கைச் சேர்ந்த லுண்ட்ஸ்கார்டு, லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி ஒரு நஞ்சினால் தடுக்கப்பெற்ற தசையும் சுருங்குதலைக் காட்டினார்; அத்தசையில் பாஸ்போகிரியேட்டின் குறைந்துவந்தது. அதனோடு பழங்கொள்கை வீழ்ந்தது.

உயிரணுவின் நாணயம்

பிஸ்கேயும் சுப்பாராவும் அதனோடு நின்றாரல்லர். 1929ஆம் ஆண்டில், மூன்று பாஸ்பேட்டுகள் தொடர்ந்து கோக்கப்பெற்ற அடினோசின் டிரைபாஸ்பேட்டைத் தசையினின்று பிரித்து வெளியிட்டனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் அவ்வாண்டிலேயே அதனைத் தனித்துக் கண்டார். ஆதலின் இப்புகழ் இருசாரார்க்கும் உரியது.

இப்பொருளின் தொழிலை ஓர் உவமையால் விளக்குவோம். உழவன் ஒருவன் களஞ்சியம் நிறைய நெல் வைத்திருக்கின்றான். அங்காடிக்குச் சென்று உப்பும் எண்ணெயும் வாங்கவேண்டின், மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடைதோறும் திரிதல் ஆகாது. நெல்லை விற்று நாணயமாக்கி, அந்நாணயத்தையே அவன் எங்கும் செலவிடுகின்றான். நாம் உண்ணும் சோற்றிலுள்ள மாவும் சர்க்கரையும் கொழுப்பும் நெல்லை ஒத்தவை. அவற்றை உயிரணு ஆக்சிஜனின் துணையால் படிப்படியாக எரித்து, வெளிப்படும் ஆற்றலை ஏ.டி.பி. என்னும் நாணயமாக அச்சிடுகின்றது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுதும் எரியுங்கால் ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கின்றன. தசை சுருங்கவும், நரம்பிற் செய்தி ஓடவும், புதிய புரதம் கட்டப்படவும் இந்நாணயமே செலவாகின்றது. செலவாகுங்கால் கடைசிப் பாஸ்பேட் கழன்று, எஞ்சியது ஏ.டி.பி.யினின்றும் ஒரு படி தாழ்கின்றது. மீண்டும் அச்சுக்கூடம் சென்று புதிதாகின்றது. நம் உடலில் ஒரு நேரத்தில் உள்ள ஏ.டி.பி. மிகச் சிறிதே. ஆயினும் அது நாள்தோறும் எண்ணற்ற முறை சுழன்று வருதலால், ஒரு நாளிற் செலவாகும் மொத்த அளவு நம் உடல் எடையோடு ஒப்பிடத்தக்கதாகும். பாஸ்போகிரியேட்டினோ, திடீரென்று ஓட நேரும்போது நாணயத்தை உடனே நிரப்பித் தரும் மடிச்சீலை போன்றது.

இவ்வச்சுக்கூடத்தின் அமைப்பைப் பின்வந்தோர் ஒவ்வொரு பகுதியாகக் கண்டனர். 1937இல் ஹான்ஸ் கிரெப்ஸ், உணவு எரியும் சுழற்சியை வகுத்தார். 1941இல் லிப்மன், ஏ.டி.பி.யே உயிர்கள் அனைத்திற்கும் பொதுவான ஆற்றல் நாணயம் என்று நிறுவினார். 1961இல் பீட்டர் மிட்செல், மைட்டோகாண்டிரியாவின் சவ்விற்கு ஒருபுறம் ஹைட்ரஜன் அயனிகள் அணையில் நீர் தேங்குவதுபோலத் தேங்கி, மீண்டும் உள்ளே பாயும்போது ஏ.டி.பி. பிறக்கின்றது என்று கூறினார். பாயர், வாக்கர் என்னும் இருவர் அப்பாய்ச்சலாற் சுழலும் பொறியின் இயல்பை விளக்கி 1997இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். திரையில் நம் நண்பர்கள் காணும் சுழலும் சக்கரம் இதுவே. கிரெப்ஸும் லிப்மனும் 1953இலும், மிட்செல் 1978இலும் அப்பரிசு பெற்றனர். நாணயத்தை முதலிற் கண்டெடுத்தவர்க்கு அப்பரிசு வரவில்லை.

லெடர்லே ஆராய்ச்சிக்கூடம்

1930இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் அவர்க்கு நிலையான பேராசிரியப் பதவி கிடைக்கவில்லை. 1940ஆம் ஆண்டு அவர் நியூயார்க் மாகாணத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆராய்ச்சிக்கூடத்திற் சேர்ந்து, விரைவில் ஆராய்ச்சித் தலைவராயினார். அங்கு அவர் எஞ்சியிருந்த எட்டாண்டுகளில் செய்வித்தவற்றை எண்ணினால் ஒருவர் வாழ்நாளில் இத்துணையும் இயலுமோ என்னும் ஐயம் எழும்.

முதலாவது போலிக் அமிலம். லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாயில் நெசவாலைத் தொழிலாளப் பெண்கள் கருவுற்ற காலத்தில் குருதி குன்றி மாளுதலைக் கண்டு, நம் நீலகிரியிலுள்ள குன்னூரிலும் ஆய்வு நிகழ்த்தி, ஈச்டுச் சத்தால் அது நீங்கும் என்று 1931இல் வெளியிட்டார். அச்சத்திலுள்ள மருந்துப்பொருள் யாது என்பது அப்போது விளங்கவில்லை. 1945ஆம் ஆண்டில் சுப்பாராவின் குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாற் செய்து காட்டினர். ஸ்புரூ நோயாளியின் குருதிக் குறையை நீக்குவதும் இதுவே. உடன்பிறந்தார் இருவரை உண்ட நோய்க்கு எதிரான படைக்கலம், கால் நூற்றாண்டு கழிந்து அண்ணன் தம்பியரை இழந்தவர் கையாலேயே உருவாயிற்று.

இரண்டாவது, அதன் எதிர்ப்பொருள். போலிக் அமிலத்தை ஒத்த உருவும் மாறுபட்ட செயலும் உடைய அமினோப்டெரின் என்னும் பொருளை அக்குழுவினர் செய்தனர். பாஸ்டன் நகரில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் அதனை இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகட்குக் கொடுத்தார். 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததென 1948இல் வெளியிட்டார். அந்நோயை மருந்தால் தணிக்கக்கூடும் என்பதற்கு அதுவே முதற் சான்று. அதன் இனமாகிய மெதோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்திற்கும் வழங்கப்படுகின்றது.

மூன்றாவது, யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான். டை எத்தில் கார்பமசின் என்பது அதன் வேதிப்பெயர். 1947இல் வெளிவந்த இம்மருந்தே, 2004 முதல் இந்திய அரசாங்கம் நோயுள்ள மாவட்டங்களில் வீடுதோறும் வழங்கிய மாத்திரை. தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் அம்மாத்திரையை விழுங்கியோருள் அதனைத் தந்தவர் பெயரை அறிந்தோர் எத்துணைப் பேர்?

நான்காவது ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் இனத்து மருந்துகளுள் முதலாவதாகிய இதனை, முதியவராகிய பெஞ்சமின் டக்கர் என்னும் தாவர நூலறிஞர், சுப்பாராவின் தலைமையில் இருந்த அக்கூடத்தில் மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றினின்று கண்டெடுத்தார். 1948இல் அது மருத்துவ உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

இறுதியும் பண்பும்

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே சுப்பாராவ் இதயநோயால் திடீரென உயிர் துறந்தார். அப்பொழுது அவர்க்கு வயது 53. 1946ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்க்குக் குடியுரிமை பெறும் வழியைத் திறந்த பின்னரும், அவர் அமெரிக்கக் குடிமகனானாரல்லர். தாய்நாடு விடுதலை பெற்றதைக் கேட்டார், வந்து காணவில்லை.

வெற்றி கிட்டியபோது தம் பெயரை முன்னிறுத்தாமல் உடனுழைத்தோரை முன்னிறுத்துதல் அவர் இயல்பு. அதனால் புகழ் அவரை எளிதில் வந்தடையவில்லை. ஒரு பூஞ்சைக் காளான் இனத்திற்கு அறிஞர் சப்பாரோமைசிஸ் என்று அவர் பெயரை இட்டனர். 1995ஆம் ஆண்டு, நூற்றாண்டு விழாவையொட்டி இந்திய அரசாங்கம் அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது.

முடிவுரை

மாணவ அன்பர்களே! இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை யாவை? தேர்வில் தவறியவனைத் தகுதியற்றவன் என்று தள்ளும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. மெட்ரிகுலேஷனில் இருமுறை தவறியவரும் தாழ்ந்த பட்டம் பெற்றவரும் ஆகிய ஒருவரே நம் மூச்சின் கணக்கை எழுதினார் என்பதை அத்தகையோர் எண்ணிப் பார்ப்பாராக. அதே வேளையில், தேர்வில் தவறுதலே பெருமை என்று ஒருவரும் கருதற்க. மூன்றாம் முறையும் எழுதப் புகுந்த உறுதியும், அவ்வுறுதிக்கு அணிகலன்களை விற்ற அன்னையின் ஈகையுமே ஈண்டுப் பெருமைக்குரியன.

மற்றொன்று: திரையிற் காணும் பாடம் எவ்வளவு அழகியதாயினும் அது பிறர் கண்ட விடையே. நீலநிறம் ஏன் தாமதிக்கின்றது என்று நின்று கேட்ட ஒருவர் இருந்தமையாலேயே அவ்விடை நமக்குக் கிடைத்தது. சக்கரம் சுழலுதலைக் கண்டு மகிழும் நண்பர்கள், பாடம் எதிர்பாராத ஒன்று தம் சோதனைக் குழாயில் தோன்றுங்கால், அதனைப் பிழையென்று கொட்டிவிடாமல் சற்றே நின்று நோக்குவாராக. ஆசிரியர் பெருமக்களும் ஏ.டி.பி.யின் பெயரைச் சொல்லும்போது, திருவல்லிக்கேணிப் பள்ளியில் மூன்றாம் முறை தேர்வெழுதிய அவ்விளைஞரின் பெயரையும் ஒருமுறை சொல்லுவாராயின், அதுவே அவர்க்கு நாம் எடுக்கும் நினைவுச்சின்னமாகும்.